டிஸ்க் பல்ஜ், ஜவ்வு கிழிசல்... எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டைப் பார்த்து பயப்படணுமா? எந்த வலிக்கு எந்த ஸ்கேன்?

அமெரிக்காவில் 63 வயதுப் பெண் ஒருவர். அவருக்கு இடுப்பு வலி, அதோடு வலது காலில் இறங்கும் நரம்பு வலி. ஒரு ஆய்வுக்காக, மூன்று வாரங்களுக்குள் 10 வெவ்வேறு சென்டர்களில் அவருடைய இடுப்புக்கு எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். அதே முதுகு, அதே வலி. ரிப்போர்ட்டுகள் மட்டும் பத்து விதம்.

பத்திலும் சேர்த்து 49 வெவ்வேறு கோளாறுகள் எழுதப்பட்டிருந்தன. பத்து ரிப்போர்ட்டிலும் பொதுவாக வந்தது என்று ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் ஒன்பது ரிப்போர்ட்டுகளில் இருந்தது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கோளாறுகள், ஏதாவது ஒரே ஒரு ரிப்போர்ட்டில் மட்டும் தலைகாட்டியவை. 2017-ல் 'ஸ்பைன் ஜர்னல்' மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளியானது.

'அப்போ ஸ்கேன் எடுக்கிறதே வேஸ்ட்டா?' என்று கேட்டால், இல்லை. எக்ஸ்ரேயில் பல வருஷம் கழித்துத் தெரியும் நோயை எம்.ஆர்.ஐ முன்கூட்டியே பிடிக்கும். அறுந்துபோன நரம்பைக் காட்டும். ஆனால் 'இடுப்பு வலி, எம்.ஆர்.ஐ எடுக்கவும்' என்று மட்டும் சீட்டில் எழுதி அனுப்பினால், கிடைக்கும் பதிலும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். எதைத் தேடுகிறோம் என்று சொன்னால்தான் எந்த முறையில் எடுப்பது என்பதே முடிவாகும். மூட்டு, தசை, நரம்பு விஷயத்தில் இது ரொம்பவே முக்கியம்.

எம்.ஆர்.ஐ மெஷினுக்குள் என்ன நடக்கிறது?

நம் உடம்பில் தண்ணீரும் கொழுப்பும் நிறைய. இரண்டிலுமே ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. மெஷினுக்குள் இருக்கும் பெரிய காந்தம் அந்த அணுக்களை ஒரு திசையில் வரிசைப்படுத்தும். பிறகு ரேடியோ அலையை அனுப்பி அவற்றைக் கொஞ்சம் கலைத்துவிடுவார்கள். அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது கொடுக்கும் சிக்னலை வாங்கி, கம்ப்யூட்டர் படமாக மாற்றுகிறது. எக்ஸ்ரே, சி.டி ஸ்கேன் மாதிரி இதில் கதிர்வீச்சு ஆபத்து கிடையாது. இந்த முறையை உருவாக்கிய பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலான மருத்துவமனைகளில் இருப்பது 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா மெஷின். 1.5 டெஸ்லா என்றாலே பூமியின் காந்தப்புலத்தைவிட பல்லாயிரம் மடங்கு.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. எம்.ஆர்.ஐ என்பது ஒரே ஒரு போட்டோ அல்ல. உள்ளே படுத்திருக்கும் அரை மணி நேரத்தில், 'டக் டக்', 'ட்ரூஊ' என்று சத்தம் மாறிக்கொண்டே இருக்கும் இல்லையா? ஒவ்வொரு சத்தமும் பெரும்பாலும் ஒரு தனி 'சீக்வன்ஸ்'. டி1 என்ற வகையில் கொழுப்பு பளிச்சென்று தெரியும், உடற்கூறு தெளிவாக இருக்கும். டி2-வில் நீர் பளிச்சென்று தெரியும். 'ஸ்டிர்' என்ற இன்னொரு வகை, கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்துவிட்டு நீரை மட்டும் மின்ன வைக்கும். எலும்புக்குள் நீர் கோத்திருந்தாலோ, தசையில் வீக்கம் இருந்தாலோ, கறுப்புப் பின்னணியில் விளக்கு போட்ட மாதிரி தெரியும்.

எந்த சீக்வன்ஸ், எந்தக் கோணம், எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்பதெல்லாம் நோயாளி உள்ளே போவதற்கு முன்பே தேர்வு செய்யப்படுகிறது. எடுக்காத கோணத்தில் இருக்கும் நோய் ரிப்போர்ட்டில் வராது. அவ்வளவுதான்.

வலியே இல்லாதவருக்கும் டிஸ்க் பல்ஜ் இருக்குமா?

இருக்கும். அதுவும் சர்வ சாதாரணமாக.

முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை, 33 ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்த அலசல் ஒன்று 2015-ல் வெளியானது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. 80 வயதில் அது 84 சதவீதம். டிஸ்க் தேய்மானம் 20 வயதில் 37 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். திரும்பவும் சொன்னால், இவர்கள் யாருக்கும் வலி இல்லை. முடி நரைப்பது மாதிரி, முதுகெலும்புக்கும் வயசாகும் அடையாளங்கள் உண்டு. அதைத்தான் ரிப்போர்ட் நீட்டி முழக்கி எழுதுகிறது.

முட்டியிலும் இதே கதை. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேருக்கு முட்டி எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தார்கள். முட்டி வலி இருக்கிறதா என்று கேட்டு ஆட்களைத் தேர்வு செய்யவில்லை. மெனிஸ்கஸ் எனப்படும் ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேர், கடந்த ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ எதுவும் இல்லை என்றார்கள். 2008-ல் வந்த ஆய்வு இது.

'ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம்' என்ற பேச்சு இங்கேதான் இடிக்கிறது. ஃபின்லாந்தில் 146 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். எல்லோருக்குமே வயசால் தேய்ந்து கிழிந்த மெனிஸ்கஸ். ஒரு குழுவுக்கு உண்மையான சாவித்துவார அறுவை சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு, சிகிச்சை செய்வது போல நடிப்பு மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், இரண்டு குழுவிலும் வலி கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைந்திருந்தது. 2013-ல் இந்த முடிவு வெளியான பிறகு, உலகம் முழுக்க எலும்பு மூட்டு மருத்துவர்களிடையே பெரிய விவாதமே நடந்தது.

விளையாட்டில் முட்டி திரும்பி, திடீரென்று கிழிந்து, காலை நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்ட இளைஞரின் கதை வேறு. அவருக்கு ஸ்கேனும் தேவை, ஆபரேஷனும் தேவைப்படலாம். 55 வயதில் படியேறும்போது வலிக்கும் முட்டியையும் அதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

அப்படியானால் முதுகு வலிக்கு எப்போது ஸ்கேன்?

ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத சாதாரண முதுகு வலிக்கு, முதல் ஆறு வாரங்களில் ஸ்கேன் வேண்டாம் என்பதுதான் சர்வதேச வழிகாட்டுதல்கள் பொதுவாகச் சொல்வது. பெரும்பாலானவர்களுக்கு அதற்குள்ளேயே குறைந்துவிடும்.

ஆனால் சில அறிகுறிகளுக்கு ஆறு வாரம் அல்ல, ஆறு மணி நேரம்கூட காத்திருக்கக் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலேயே போய்விடுவது, மலம் அடக்க முடியாமல் போவது, சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படும் பகுதி மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலவீனமாவது. முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று அர்த்தம். நேராக எமர்ஜென்சிக்குப் போய் அன்றே எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டும். தாமதமானால் சிறுநீர் கட்டுப்பாடு நிரந்தரமாகவே போய்விடலாம்.

காய்ச்சல், எடை குறைவது, ராத்திரியில் அதிகமாகும் முதுகு வலி இருந்தாலும் அலட்சியம் கூடாது. உலகிலேயே காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு இந்தியா. முதுகெலும்பிலும் காசநோய் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு அரித்தது தெரிவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ அதைக் காட்டிவிடும். ஏற்கனவே புற்றுநோய் வந்தவர்களும், உயரத்திலிருந்து விழுந்தவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு.

எக்ஸ்ரே நார்மல், ஆனா வலி போகலை... ஏன்?

25 வயது இளைஞர். காலையில் எழுந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு இறுக்கம். நடமாட ஆரம்பித்தால் குறைகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது. பின்னிரவில் வலியால் தூக்கம் கலைகிறது. இடுப்பு எம்.ஆர்.ஐ எடுத்தால் 'லேசான டிஸ்க் பல்ஜ்' என்று வருகிறது. பெல்ட், வலி மாத்திரை, வேலையில் லீவு என்று இரண்டு வருஷம் ஓடிவிடுகிறது.

இந்த மாதிரி வலி, ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகை வாத நோயாக இருக்கலாம். அது தொடங்கும் இடம் பெரும்பாலும் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் எஸ்.ஐ ஜாயிண்ட். வழக்கமான இடுப்பு எம்.ஆர்.ஐ அந்த மூட்டைச் சரியான கோணத்தில் படம் பிடிப்பதே இல்லை. 'எஸ்.ஐ ஜாயிண்ட்டுக்கு ஸ்டிர் வேண்டும்' என்று மருத்துவர் கேட்டு எழுதினால்தான், மூட்டை ஒட்டிய எலும்புக்குள் நீர் கோத்திருப்பது தெரியும். எக்ஸ்ரேயில் இது தெரிய பல ஆண்டுகள் ஆகலாம். அதனால்தான் 2009-ல் சர்வதேச நிபுணர் குழு, இந்த நோயை வகைப்படுத்தும் விதிகளில் எம்.ஆர்.ஐயையும் சேர்த்தது.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஓட்டப்பந்தய வீரர்களுக்கும், சமீபத்தில் பிரசவமான பெண்களுக்கும் அதே இடத்தில் நீர் கோத்த மாதிரி தெரியலாம். படத்தோடு வலியின் தன்மையும் ரத்தப் பரிசோதனையும் ஒத்துப்போகணும்.

இன்னொன்று, தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவது. 'ஏ.வி.என்' என்பார்கள். அதிக அளவு ஸ்டீராய்டு எடுத்தவர்கள், மது அதிகம் குடிப்பவர்கள், சிக்கில் செல் ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு சிகிச்சை எடுத்த சிலருக்கு இது வந்ததை 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக நார்மலாக இருக்கும். வலி தொடை இடுக்கில் இருக்கும். சிலருக்கு முட்டியில் மட்டும் வலிக்கும், அதனால் முட்டிக்கு ஸ்கேன் எடுத்து ஏமாந்துபோவதும் நடக்கிறது. எலும்பின் தலை உள்வாங்கி உடைவதற்கு முன்பே கண்டுபிடித்தால், சொந்த மூட்டைக் காப்பாற்ற முயற்சி செய்யலாம். தாண்டிவிட்டால் பெரும்பாலும் செயற்கை மூட்டுதான். ஒரு பக்கம் வலித்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து ஸ்கேன் எடுப்பார்கள், மறுபக்கத்திலும் அடிக்கடி இருக்கும் என்பதால்.

பைக் விபத்தில் கை தூக்க முடியவில்லை: நரம்பை ஸ்கேனில் பார்க்க முடியுமா?

சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் மாநிலம் தமிழ்நாடு. பைக்கில் இருந்து தூக்கியெறியப்பட்டு, தோள் தரையில் மோதி, தலை எதிர்ப்பக்கம் வளையும்போது, கழுத்திலிருந்து கைக்குப் போகும் ஐந்து நரம்பு வேர்களின் வலைப்பின்னல் இழுபடுகிறது. பிரேக்கியல் பிளெக்சஸ் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் இளைஞர்கள். எலும்பு முறிவு சரியாகிவிடும், கை மட்டும் தொங்கும்.

இங்கே மருத்துவருக்குத் தெரிய வேண்டிய முக்கியமான விஷயம், நரம்பு எங்கே அறுந்திருக்கிறது என்பது. தோளுக்கு அருகே நடுவில் அறுந்திருந்தால், காலிலிருந்து நரம்புத் துண்டு எடுத்து ஒட்டுப் போடலாம். தண்டுவடத்திலிருந்தே வேரோடு பிடுங்கப்பட்டிருந்தால் ஒட்ட முடியாது. வேறு வேலை செய்யும் நரம்பு ஒன்றைத் திருப்பிவிட்டு இணைக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு ஆபரேஷன்.

சாதாரண எம்.ஆர்.ஐயில் நரம்பும் பக்கத்தில் இருக்கும் ரத்தக்குழாயும் கொழுப்பும் கலந்து தெரியும். 'எம்.ஆர் நியூரோகிராஃபி' என்ற முறையில் கொழுப்பின் சிக்னலையும் ரத்தக்குழாயின் சிக்னலையும் அடக்கிவிட்டு, நரம்பை மட்டும் நூல் மாதிரி தனியே காட்டுவார்கள். 1993-ல் 'லான்செட்' இதழில் இது விவரிக்கப்பட்டது. கழுத்துப் பகுதிக்கு மிக மெல்லிய துண்டுகளாக முப்பரிமாணப் படம் எடுத்தால், வேர் பிடுங்கிய இடத்தில் தண்டுவட நீர் பை மாதிரி புடைத்திருப்பதும் தெரியும். ஆனால் விபத்து நடந்த உடனே ரத்தக்கசிவும் வீக்கமும் படத்தைக் குழப்பும் என்பதால், அவசரமில்லை என்றால் மூன்று, நான்கு வாரம் கழித்து எடுப்பது வழக்கம். நரம்பு மின்னோட்டப் பரிசோதனைகளும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் சரியான பதில் தரும்.

அந்த மூன்று வாரம் தாண்டியதும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். நரம்பு மறுபடி வளரும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். கழுத்திலிருந்து விரல் வரை 70 சென்டிமீட்டர் என்று வைத்தால், 700 நாள். நரம்புத் தொடர்பு இல்லாத தசையோ ஒன்று, ஒன்றரை வருஷத்தில் உயிர்ப்பை இழந்துவிடும். அதனால்தான் இந்த அறுவை சிகிச்சையை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் செய்யப் பார்க்கிறார்கள். 'எண்ணெய் தடவி, பிசியோதெரபி செஞ்சா கை வந்துடும்' என்று ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வருபவர்களுக்கு வாய்ப்புகள் சுருங்கிப்போகின்றன. கோவை கங்கா மருத்துவமனை உள்பட தமிழ்நாட்டிலேயே இந்த சிகிச்சை செய்யும் மையங்கள் உள்ளன.

எல்லா நரம்புப் பிரச்னைக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை. மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போகும் கார்ப்பல் டனலுக்கு, மருத்துவர் பரிசோதித்து, நரம்பு மின்னோட்டச் சோதனை செய்தாலே பெரும்பாலும் போதும். அல்ட்ராசவுண்டிலும் பார்க்கலாம், செலவும் குறைவு.

தசையில் எம்.ஆர்.ஐ என்ன சொல்லும்?

நரம்பு அறுந்த தசையில் சில நாட்களிலேயே ஸ்டிர் படம் மின்ன ஆரம்பிக்கலாம். எந்தெந்தத் தசை மின்னுகிறது என்று பார்த்து, எந்த நரம்பு பாதிக்கப்பட்டது என்று பின்னோக்கிக் கண்டுபிடிப்பார்கள். தசை அழற்சி நோய்களில், பயாப்ஸிக்கு எந்த இடத்தில் ஊசி போடுவது என்று வழிகாட்டவும் இது உதவும். இல்லையென்றால் நல்ல தசையில் குத்தி 'நார்மல்' என்று வந்துவிடும்.

குழந்தைகளுக்கு வரும் டுஷேன் தசைச்சிதைவு நோயில் தசை மெல்ல மெல்லக் கொழுப்பாக மாறும். 'டிக்சன்' என்ற முறை நீரையும் கொழுப்பையும் தனித்தனியாகப் பிரித்து, ஒரு தசையில் எத்தனை சதவீதம் கொழுப்பு என்று எண்ணாகவே கொடுக்கும். புது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆய்வுகளில் இது பயன்படுகிறது.

மூட்டுக்குள் ஊசி போட்டு ஸ்கேன், செயற்கை மூட்டு உள்ளவர்களுக்கு ஸ்கேன்

தோள் அடிக்கடி நழுவும் விளையாட்டு வீரர்களுக்கு, மூட்டுக் குழியைச் சுற்றியுள்ள விளிம்பு ஜவ்வு கிழிந்திருக்கலாம். மூட்டு சுருங்கியிருக்கும்போது கிழிசல் ஒட்டிக்கொண்டு தெரியாது. நீர்த்த கெடோலினியம் மருந்தை மூட்டுக்குள் செலுத்தி, மூட்டை லேசாக உப்ப வைத்து எடுத்தால், மருந்து கிழிசலுக்குள் புகுந்து காட்டிக்கொடுக்கும். எம்.ஆர் ஆர்த்ரோகிராஃபி என்பது இதுதான். இடுப்பு மூட்டுக்கும் செய்வார்கள்.

குருத்தெலும்பு தேய்வதற்கு முன்பே அதன் ரசாயன மாற்றத்தை வண்ணப் படமாகக் காட்டும் 'டி2 மேப்பிங்' பற்றி விளம்பரங்களில் பார்க்கலாம். அறிவியல் உண்மைதான். ஆனால் சாதாரண முட்டி வலிக்காரருக்கு அதன் முடிவால் சிகிச்சை மாறுவது அபூர்வம். கூடுதல் பணம் கேட்டால், 'இதனால் என் சிகிச்சை மாறுமா டாக்டர்?' என்று கேட்டுவிடுவது நல்லது.

செயற்கை மூட்டு, பிளேட், ஸ்க்ரூ வைத்தவர்களுக்கு எம்.ஆர்.ஐயே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய எலும்பு உலோகங்களில் பெரும்பாலானவற்றோடு ஸ்கேன் எடுக்கலாம். பிரச்னை, உலோகத்தைச் சுற்றிப் படம் கலங்கிவிடும். அதைக் குறைக்க 'மேவ்ரிக்', 'சீமேக்' போன்ற தனி சீக்வன்ஸ்கள் வந்துவிட்டன. உலோகம் இருப்பதை முன்பே சொன்னால்தான் அவற்றைப் போடுவார்கள்.

3 டெஸ்லாதான் பெஸ்ட்டா? ஏ.ஐ என்ன செய்கிறது?

விரல், மணிக்கட்டு, மெல்லிய நரம்பு மாதிரி நுணுக்கமான இடங்களுக்கு 3 டெஸ்லா கூடுதல் தெளிவு தரும். சாதாரண முதுகு, முட்டிக்கு நல்ல 1.5 டெஸ்லா மெஷினே போதுமானது. உலோகம் உள்ளவர்களுக்கு 1.5-ல்தான் படம் குறைவாகக் கலங்கும். மெஷினின் எண்ணைவிட, மூட்டு, நரம்பு படங்களைப் படித்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட் முக்கியம்.

ஏ.ஐயால் இப்போது நடந்திருக்கும் உருப்படியான மாற்றம், வேகம். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவமனையும் ஃபேஸ்புக்கும் 2018-ல் தொடங்கிய 'ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ' திட்டத்தில், வழக்கமான தரவில் கால்பங்கு மட்டும் எடுத்து மீதியை ஏ.ஐ நிரப்பிய முட்டிப் படங்களை நிபுணர்களிடம் கொடுத்தார்கள். கண்டுபிடிப்பில் வித்தியாசம் வரவில்லை என்று 2020-ல் முடிவு வெளியானது. வலியோடு அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஸ்கேனுக்குப் போகும் முன்...

மெஷினின் காந்தம் எப்போதும் ஆன்லதான் இருக்கும், ஸ்கேன் ஓடாதபோதும். 2018 ஜனவரியில் மும்பையில் உறவினரின் ஸ்கேனுக்கு உதவப் போன இளைஞர், ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் நுழைந்தார். காந்தம் சிலிண்டரை இழுத்ததில் அவர் உயிரிழந்தார். உதவிக்குப் போகிறவரும் சாவி, செல்போன், அரைஞாண், ஹேர்பின் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும்.

பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாய் கிளிப், கண்ணுக்குள் இரும்புத் துகள் பட்ட பழைய வெல்டிங் விபத்து இருந்தால் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புதுவகை பேஸ்மேக்கர் பலவற்றோடு நிபந்தனைகளுடன் ஸ்கேன் எடுக்கலாம், அதன் அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கெடோலினியம் ஊசி போடுவதாக இருந்தால் சிறுநீரகப் பிரச்னையையும் கர்ப்பத்தையும் மறைக்கக் கூடாது.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கிப் பாருங்கள். 'முட்டி வலி' என்று மட்டும் இருந்தால், எங்கே வலி, எப்போதிலிருந்து, அடிபட்டதா, எந்த விரல் மரத்துப்போகிறது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்கலாம். பழைய ஸ்கேனின் சி.டி இருந்தால் எடுத்துப்போங்கள். ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, படங்கள் வேண்டும். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கும்போது அவர் முதலில் கேட்பதும் அந்த சி.டியைத்தான். புது ஸ்கேன் எடுத்ததும் அதன் சி.டியைக் கேட்டு வாங்காமல் சென்டரைவிட்டுக் கிளம்ப வேண்டாம்.